செட்டிநாட்டு மண்ணில் மாயக்கதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினைந்து இருபது பேர் கூடுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் வருகிறார்கள். எல்லோரும் எழுதுவது மாயம் கலந்த கதை. எந்திரம், மருந்து, சாமி கதை, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று எல்லார் கதையிலும் இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மாயக்கதைன்னா பேய்க்கதையா, சயின்ஸ் கதையா? எனக்கு அதுவே குழப்பமா இருக்கு டீச்சர்.

நாங்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. நாம் வாழும் உலகத்தில் ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். மாறியது மந்திரத்தாலா, எந்திரத்தாலா, மருந்தாலா என்பது அடுத்த பேச்சு. மாற்றாத மற்றதெல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும். ஊரணித் தண்ணீர் பேசுகிறதா, பேசட்டும். ஆனால் அந்த ஊரணி கோடையில் அடிமண் தெரிய வற்ற வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் நிறைய வேண்டும். குடிதண்ணீர் ஊரணியில் கால் நனைக்கக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடும் அப்படியே இருக்க வேண்டும். அப்போதுதான் அது பேசும்போது நமக்கு மயிர் கூச்செறியும்.

ஏற்கெனவே இருக்கும் ஒரு கதையை எடுத்து, அதில் வாய் திறக்காதவரைப் பேச வைப்பது மறுபுனைவு. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மாற்றப்போவதை மாற்றும் முன் முழுசாகத் தெரிந்துகொள்வது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு இல்லையா? நம்மகிட்ட ஏது இந்த மாதிரிக் கதை?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் தங்கள் பூர்வீகம் என்று சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்தில் நடக்கும் கதைதான் மணிமேகலை. அதில் காயசண்டிகை என்றொரு பெண் வருகிறாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவல் கனியை, ஒரு முனிவர் உண்ண வைத்திருந்ததை, தெரியாமல் காலால் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். சாபத்தால் அவளுக்கு யானைத்தீ என்ற நோய் வருகிறது. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி, பன்னிரண்டு ஆண்டுக்கு. அது தீர்வது அமுதசுரபிச் சோற்றில். இந்த அமைப்பைப் பாருங்கள். நோய்க்குக் காரணம் உண்டு, குணம் உண்டு, கால அளவு உண்டு, மருந்தும் உண்டு. ஒரு வைத்தியர் குறிப்பெழுதுவது போல அத்தனையும் எழுதிய பிறகுதான் மாயம் நடக்கிறது. அந்த மருந்தும் வெறும் சோறு. பசிக்கு மருந்து சோறுதான் என்பதை இதைவிடப் பளிச்சென்று யாரும் சொல்லவில்லை.

எந்திரம் வேண்டுமானால் சீவக சிந்தாமணிக்குப் போங்கள். சூல் கொண்ட அரசி விசயை தப்பிப் போவதற்காக அரசன் சச்சந்தன் மயில் வடிவில் ஒரு பறக்கும் பொறி செய்ய வைக்கிறான். அதை அவளே ஓட்டிப் பழகுகிறாள். பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறும், இடப்பக்கம் திருகினால் கால் குவித்துத் தரையில் இறங்கும். பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்து அவள் மயங்கிப்போக, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். ஓட்டுகிறவர் மயங்கினால் வண்டி என்ன ஆகும் என்பது வரைக்கும் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு கவிஞர் யோசித்திருக்கிறார். நம்மிடம் ஏது என்று கேட்பதற்கு முன் இந்த இரண்டு காப்பியங்களையும் உரையோடாவது ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

செட்டிநாடுன்னு வச்சாலே பூட்டின வீடு, கொலுசுச் சத்தம், பேய்னுதான் வருது. வேற என்னதான் எழுதறது?

வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு தடவை விசாரித்துவிட்டால் பேய் தேவைப்படாது. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது எத்தனையோ பேர் காட்டு வழியே நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பர்மா விடுதலை பெற்ற பிறகு நிலம் அரசுடைமையானது, 1962க்குப் பிறகு மிச்சமும் போனது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன பணம் திரும்பவில்லை. வீடு மட்டும் நிற்கிறது. ஒரு வீட்டில் இருபது முப்பது புள்ளிக்குப் பங்கு இருக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி). எல்லோரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். ஆளுக்கொரு அறையைப் பூட்டி வைத்திருப்பார்கள், கல்யாணத்துக்கும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் வந்து திறப்பார்கள். ஒரு வீட்டில் இத்தனை சாவி இருப்பதே போதாதா கதைக்கு?

அப்புறம் அந்தச் சுவர். சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறு, பனைவெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசி இழைத்தது. கடுக்காய் வயிற்றுக்கு மருந்து, திரிபலாவில் மூன்றில் ஒன்று. அதே கடுக்காய் சுவருக்கும் மருந்து. வைத்தியரும் கொத்தனாரும் ஒரே கடையில் சரக்கு வாங்கிய ஊர் இது. எங்கள் கூட்டத்துப் பெண் ஒருத்தி, நோயாளியின் பத்தியத்தைச் சுவரும் சேர்ந்து காப்பதாக ஒரு கதை எழுதினாள். வீட்டில் யார் பொய் சொன்னாலும் பூச்சில் ஒரு கீறல் விழும். அதை அவள் வாசித்தபோது முகப்பே அமைதியாகிவிட்டது. பேய் வரவே இல்லை.

நான் இன்ஜினீயர் இல்லையே டீச்சர். தொழில்நுட்பம் வச்சு எழுத முடியுமா?

ஒரு ஆணியும் கொஞ்சம் மயில்துத்தமும் இருந்தால் போதும். மயில்துத்தம் என்பது செம்பு கலந்த உப்பு (காப்பர் சல்பேட்), சித்த வைத்தியத்தில் துருசு என்பார்கள். அதைத் தண்ணீரில் கரைத்தால் நல்ல நீலம். அதில் சுத்தமான இரும்பு ஆணியைப் போட்டு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால், ஆணிமேல் செம்பு ஏறியிருக்கும். தண்ணீரின் நீலம் வெளுத்துப் பச்சை தட்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு இரும்பு செம்பாகிவிட்டது. ரசவாதம் பலித்துவிட்டது என்று பழங்காலத்தில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டிருந்தால் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நடந்தது இடமாற்றம். 56 கிராம் இரும்பு கரைந்து உள்ளே போனால், சுமார் 63 கிராம் செம்பு வெளியே வந்து படியும். ஒன்று போனால்தான் ஒன்று வரும்.

காரைக்குடியிலேயே மின்வேதியியலுக்கென்று மத்திய ஆய்வு நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். துரு, பேட்டரி, முலாம் பூசுவது எல்லாம் அங்கே ஆராய்ச்சி. மண்டபத்தில் கடற்கரையோரம் ஒரு பிரிவு இருக்கிறது. உப்புக் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்கிற இடம். அந்த வளாகத்தைத் தாண்டித்தான் நம்மில் பாதிப் பேர் தினமும் வேலைக்குப் போகிறோம். கதையில் ஆய்வுக்கூடம் வேண்டும் என்றவுடன் மனசு எங்கேயோ வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

ஏஐ கிட்ட கேட்டு விவரம் சேர்த்துக்கலாமா?

கேளுங்கள், ஆனால் ஊருக்குப் போய்ச் சரிபாருங்கள். ஒரு தம்பி, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் வேகவைக்கும்போது அதில் ஒரு முகம் தெரிவதாக எழுதிக்கொண்டு வந்தார். ஆத்தங்குடிக் கல் நெருப்பைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் கரைசலைப் பூப்பூவாக ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவிடுவார்கள். வெளியே எடுத்ததும் கண்ணாடி கழன்றுவரும், கல்லில் கண்ணாடியின் பளபளப்பு தங்கிவிடும்.

அந்தத் தம்பியை ஆத்தங்குடிக்கு அழைத்துப் போனோம். தொட்டியோரம் அரைமணி நேரம் நின்றவர், வீட்டுக்கு வந்து கதையை மாற்றினார். கல்லை ஊற்றும்போது கண்ணாடிக்கு மறுபுறம் நின்ற ஆளின் முகமும் சேர்ந்து படிந்துவிடுகிறது, தண்ணீரில் ஊறி எடுத்த பிறகுதான் அது தெரிகிறது. வேலை செய்கிறவர் கையைப் பார்த்த பிறகு வந்த மாயம் இது.

சாமி கதையை மாத்தி எழுதலாமா? கருப்பர் கோச்சுக்க மாட்டாரா?

நான் கருப்பரைக் கும்பிடுகிறவள். அதனால் இதை யோசித்துத்தான் சொல்கிறேன். காப்பியப் பாத்திரம் வேறு, குலதெய்வம் வேறு. மணிமேகலையை மறுபடி எழுதினால் யாருடைய நேர்த்திக்கடனும் கலையாது. கருப்பரிடமோ இன்றைக்குக் காலையில் ஒரு தாய் தன் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு போயிருப்பாள். அவர் நடப்பில் இருக்கிற சாமி.

எங்கள் வழக்கம் இதுதான்: சாமியின் குணத்தை மாற்றுவதில்லை. காவல் காப்பவர் காவல் காப்பவராகவே இருக்கட்டும், பொய்ச் சத்தியத்தைப் பொறுக்காதவர் பொறுக்காதவராகவே இருக்கட்டும். அவர் முன்னால் வந்து நிற்கும் மனிதரை மாற்றுங்கள், காலத்தை மாற்றுங்கள். சிசிடிவி கேமரா வந்த பிறகு ஊர்க்காவல் தெய்வத்திடம் யார் எதற்கு வருவார்கள் என்று ஒருவர் எழுதினார். கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, ஆனால் சத்தியம் வாங்க இன்னமும் அவரிடம்தான் வருகிறார்கள். அந்தக் கதையை ஒரு சாமியாடியிடமே வாசித்துக் காட்டினோம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேட்டைக்குப் போகும் நேரத்தில் நாய் இல்லாமல் விட்டுவிட்டீர்களே என்றார். சேர்த்துக்கொண்டோம்.

அய்யனார் குதிரை ரோபோவா மாறுற மாதிரி எழுதியிருக்கேன். எல்லாரும் சுமார்னு சொல்றாங்க. ஏன்?

மண்ணை எடுத்துவிட்டு உலோகத்தை வைத்தால் குதிரை மாறிவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். மண் அங்கே என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். கண்மாய் மண்ணை வேளார் பிசைந்து, கால் தனி உடம்பு தனியாக வனைந்து, சுட்டு, கண் திறந்து, புரவி எடுப்பு அன்றைக்கு ஊரே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகிறது. அதன் பிறகு அது வெயிலில் நிற்கும், மழையில் நனையும், காது உடையும், மெல்ல மெல்ல மண்ணோடு மண்ணாகும். திரும்ப வேறு குதிரை எடுப்பார்கள். அழிவதும் திரும்ப எடுப்பதும் சேர்ந்ததுதான் அந்த வழிபாடு. உங்கள் ரோபோ அழியாது. அதனால் அதற்கு ஊர் தேவையில்லை. ஊர் இல்லாததால் கதையில் உயிர் இல்லை.

உலோகம்தான் வேண்டும் என்றால், முன்னே ஆணிக் கேள்வியில் சொன்ன கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். கடலில் ஓடும் கப்பலின் இரும்பு அரிக்காமலிருக்க அதன் உடம்பில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். உப்புத் தண்ணீர் முதலில் துத்தநாகத்தைத் தின்னும். அது கரைகிற வரைக்கும் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. கரைந்து முடிந்ததும் புதுக்கட்டி மாட்ட வேண்டும். எனக்கு இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எல்லைச்சாமி ஞாபகம்தான் வரும். ஊரைக் காக்கப்போய் உயிர்விட்டவரைத்தானே எத்தனையோ ஊரில் எல்லையில் நிறுத்திக் கும்பிடுகிறோம். துத்தநாகத்தில் குதிரை செய்யுங்கள். ஊருக்கு வருகிற அரிப்பையெல்லாம் அது வாங்கிக்கொள்ளட்டும். ஆண்டுக்காண்டு மெலியட்டும். அடுத்த குதிரைக்கு யார் செலவு செய்வது என்று ஊர்க்கூட்டத்தில் சண்டை வரட்டும்.

சித்தர் மருந்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம்? கதைதானே?

இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுக்கு முன் ஒரு சிறப்பு மலருக்காகக் கதை எழுதினேன். அதில் ஒரு வைத்தியர் கொடுத்த பஸ்மத்தில் ஒரு அம்மாளின் சர்க்கரைப் புண் மூன்றே நாளில் ஆறிவிடும். இரண்டு மாதம் கழித்து வெளி மாவட்டத்திலிருந்து ஒருவர் தன் தாயாரைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். அம்மாளின் காலில் புண். கதையில் வரும் வைத்தியர் முகவரி வேண்டும் என்றார். அப்படி யாரும் இல்லை, நான் கற்பித்தது என்று சொன்னபோது அந்தத் தாயார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். ஆனால் என் கதையை நம்பி அவர்கள் இழந்த நாட்கள் போனதுதான்.

பாஷாணங்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு செய்தி. போகர் நவபாஷாணத்தில் முருகன் சிலை செய்தார் என்பது பழனி ஐதீகம். அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் கை பரபரக்கிறது. சித்த மருத்துவத்தில் பூரம், வீரம் என்று இரண்டு சரக்கு உண்டு. இரண்டிலும் இருப்பது பாதரசமும் குளோரினும்தான், அளவுதான் வேறு. பூரத்தை ஒரு காலத்தில் உலகமெங்கும் பேதி மருந்தாகக் கொடுத்தார்கள். வீரமோ ஆளைக் கொல்லும் நஞ்சு. சுத்தி செய்யும் முறைகளைச் சித்த நூல்களே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பது இதனால்தான். கதையில் உண்மைச் சரக்கின் பெயர், உண்மை அளவு, உண்மை நோயின் பெயர், இந்த மூன்றும் ஒருசேர வரக் கூடாது என்பது எங்கள் கூட்டத்து விதி. சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கதை விளம்பரம் ஆகாது, சரிதான். ஆனால் வலியில் இருப்பவர் கதையையும் விளம்பரத்தையும் பிரித்துப் படிப்பதில்லை.

அப்ப கதையில மருந்து வேலையே செய்யக் கூடாதா?

தாராளமாகச் செய்யட்டும், நோயையும் நீங்களே உண்டாக்கினால். யானைத்தீ அப்படிப்பட்ட நோய். யாரும் அதற்கு மருந்து தேடி உங்கள் வாசலுக்கு வர மாட்டார்கள். ஆனால் பசித்தவர் எல்லோருக்கும் அது தெரிந்த நோய்.

இன்னொரு வழி தேரையர் கதையில் இருக்கிறது. மன்னனுக்குத் தீராத தலைவலி. அகத்தியர் கபாலத்தைத் திறந்து பார்த்தால் மூளைமேல் ஒரு தேரை. பிடுங்கினால் மூளை கிழியும். பக்கத்தில் நின்ற சீடர் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து தேரைக்குக் காட்டினார். அது தண்ணீரில் தாவிவிட்டது. பிளந்ததை ஒட்டவைக்கும் சந்தானகரணி மூலிகை வைத்துக் கபாலத்தை மூடினார்கள். சீடருக்குத் தேரையர் என்றே பெயர் நின்றுவிட்டது. மண்டைக்குள் தேரை என்பது மாயம். தண்ணீரைக் கண்டால் தேரை தாவும் என்பது மாட்டுத்தொழுவத்தில் நிற்கும் பிள்ளைக்கும் தெரிந்த உண்மை. குணமானது உண்மையால். முதல் கேள்வியில் சொன்ன கணக்கு இங்கேயும் அதேதான்.

ஆச்சின்னா பாட்டிதானே? ஏன் எல்லாரும் திருத்தறீங்க?

நகரத்தார் வீட்டில் ஆச்சி என்பது அக்கா. மரியாதைக்காகப் பெண்களைப் பொதுவாகவும் அப்படிக் கூப்பிடுவோம். அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவர் ஆயா. அப்பா அப்பச்சி, அம்மா ஆத்தா, தாத்தா ஐயா. வேறு ஊர்களில் ஆச்சி பாட்டியாக இருக்கலாம், அது அந்த ஊர் வழக்கம். இங்கே நடக்கும் கதையில் பேரன் பாட்டியை ஆச்சி என்று அழைத்தால், பறக்கும் மயிலை நம்புகிறவர்கூட அந்த வரியில் புத்தகத்தை மூடிவிடுவார்.

மாயம் எப்படி நடக்குதுன்னு கதையில விளக்கணுமா?

எந்திரம் என்றால் எப்படி ஓட்டுவது என்று சொல்லுங்கள், எப்படிச் செய்தது என்று சொல்ல வேண்டாம். மயிற்பொறிக்கு வலம் இடம் மட்டும்தான் சொல்லப்பட்டது. மருந்து என்றால் என்ன விலை கொடுத்துக் கிடைத்தது என்று சொல்லுங்கள். சாமி என்றால் விளக்கவே வேண்டாம்.

எங்க அப்பத்தா சொன்ன கதையை அப்படியே எழுதலாமா? அது யாருக்குச் சொந்தம்?

முதலில் அப்பத்தாவிடம் கேளுங்கள். சில கதைகளை அவர்கள் உங்களுக்கு மட்டும் சொல்லியிருப்பார்கள். படைப்பு வீட்டில் பேழைக்குள் சேலை வைத்துக் கும்பிடப்படும் முன்னோர் பெண்களுடைய கதைகள் அந்தந்தக் குடும்பத்தாருடையவை. வெளியில் பேசக் கூடாதென்று கட்டுப்பாடு உள்ள வீடுகளும் உண்டு.

இன்னும் கடினமான ஒன்று இருக்கிறது. எல்லையில் நிற்கும் தெய்வங்களில் பலர் கொல்லப்பட்ட மனிதர்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காகக் கொல்லப்பட்டவர்கள் அதில் உண்டு. கொன்றவர் வம்சமும் செத்தவர் வம்சமும் இன்றைக்கும் ஒரே ஊரில் இருக்கலாம். அப்படிப்பட்ட கதையை எடுத்தால் ஊர்ப் பெயரையும் தெருவையும் மாற்றுங்கள், நடந்த அநியாயத்தை மாற்றாதீர்கள். மாயத்தைப் பூசிக் கொலையை அழகாக்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். செத்த பெண் பூவாக மலர்ந்தாள் என்று முடித்தால் கொன்றவன் தப்பித்துவிடுகிறான்.

எனக்கு ஒண்ணுமே தோணல. முதல் கதைக்கு ஏதாவது ஒரு பிடி கொடுங்க டீச்சர்.

குன்றக்குடிக்குப் போங்கள். மலையடிவாரத்தில் நின்று பார்த்தால் மலை மயில் போலத் தெரியும். மயூரகிரி என்றே அதற்குப் பெயர். அசுரர் பேச்சைக் கேட்டுப் பிரமனின் அன்னத்தையும் திருமாலின் கருடனையும் விழுங்கிய மயிலை முருகன் மலையாகச் சபித்தார் என்பது தலபுராணம். பிறகு விமோசனமும் கொடுத்தார். இப்போது உங்கள் கையில் மூன்று மயில் இருக்கிறது: கல்லாகிப்போன மயில், விசயை ஓட்டிய மயில், ஆணிக்குச் செம்பு கொடுத்த மயில்துத்தம்.

காரைக்குடி ஆய்வுக்கூடத்தில் வேலை முடித்துக் கடைசி பஸ்ஸில் குன்றக்குடி திரும்பும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. மலையிலிருந்து வழியும் தண்ணீர் நீலமாக இருக்கிறது. அவள் கொண்டை ஊசியைக் கழற்றி அதில் நனைக்கிறாள். ஊசி சிவக்கிறது. ஒன்று போனால்தான் ஒன்று வரும் என்பது அவளுக்குத் தெரியும். மலைக்குள்ளிருந்து செம்பு வெளியே வருகிறதென்றால், இரும்பாக உள்ளே போய்க்கொண்டிருப்பது என்ன? அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொண்டு வாருங்கள், நான்கு பக்கம் போதும்.